சாட்டிலைட்டுக்கு முன்னாடி கேசட்

ஒரு டிவி சேனல் ஆரம்பிக்க என்ன வேணும்னு நம்ம கிளாஸ்ல கேட்டா வரப்போற பதில் எனக்கு இப்பவே தெரியும். ஃபண்டிங். அடுத்து ஸ்பான்சர். அதுக்கும் அடுத்து, பின்னாடி ஒரு கட்சி. தமிழ்நாட்டில் வளர்ந்தவங்க வேற பதில் சொல்ல முடியாது. ரிமோட்ல நம்பர் மாத்தும்போதே எந்தச் சேனல் யாரோடதுன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

எம்.டி.ஏ இந்தப் பதிலுக்குள்ள அடங்காது. முழுப் பெயர் முஸ்லிம் டெலிவிஷன் அஹ்மதிய்யா. லண்டன்ல இருந்து 1994 ஜனவரி 7 அன்று முறைப்படி தொடங்கி, முப்பது வருஷத்துக்கு மேல ஓடிக்கிட்டிருக்கிற சேனல். இன்னைக்கு அரபிக்குத் தனி, ஆப்பிரிக்காவுக்குத் தனின்னு பல சேனல்களா பிரிஞ்சிருக்கு. விளம்பரம் ஒண்ணுகூட வராது. பாக்க காசு கட்ட வேண்டாம். அரசாங்கப் பணம் இல்லை. இது எல்லாத்தையும் விட எனக்கு நம்பக் கஷ்டமா இருந்த விஷயம், அங்க கேமரா பிடிக்கிறவங்க, எடிட் பண்றவங்க, மொழிபெயர்க்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க சம்பளம் வாங்காதவங்க. வேற எங்கயோ வேலை பாத்துட்டு, படிச்சிட்டு, மிச்ச நேரத்துல வந்து ஷிஃப்ட் பாக்கிறாங்க.

இது எனக்குத் தெரிய வந்தது ஒரு டிஷ் மெக்கானிக் அண்ணனால. பழைய ஆறடி டிஷ்ஷை மலையில ஒரு ஏலக்கா ஸ்டோர் மேல வச்சு, சிக்னல் தேடித் திருப்பிக்கிட்டிருந்தாரு. நடுவுல ஒரு சேனல் வந்து நின்னுச்சு. "இதுல விளம்பரமே வராது தம்பி, எத்தனை வருசமா பாக்கிறேன், எப்பிடித்தான் நடத்துறாங்களோ" என்றார். அந்த "எப்பிடித்தான்" என்கிற கேள்விக்குத்தான் நான் பதில் தேடினேன். கிடைச்ச பதில் நம்ம ஊருக்கும் உதவும்னு நினைக்கிறேன். அதைத்தான் இங்க எழுதறேன்.

முதல்ல, இவங்க யாரு? 1889-ல் பஞ்சாப் லூதியானாவில் மிர்ஸா குலாம் அஹ்மத் தொடங்கிய இயக்கம் அஹ்மதிய்யா. அவர் ஊர் காதியான், இன்னைக்கும் இந்தியாவுக்குள்ளதான் இருக்கு. அவரையே வாக்களிக்கப்பட்ட மஸீஹ் என்றும், நபிகள் நாயகத்துக்குக் கீழ்ப்பட்ட ஒரு நபி என்றும் இவங்க நம்பறாங்க. நபிகள் நாயகமே இறுதி நபி என்பது மற்ற முஸ்லிம்களுக்கு ஈமானின் அடிப்படை. அதனால இவங்களைப் பெரும்பான்மை முஸ்லிம்கள் ஏத்துக்கறதில்லை. நான் இதைப் பத்தி எழுதப்போறேன்னு சொன்னதும் என் ரூம்மேட் சொன்ன முதல் வார்த்தையே, "மாப்ள, அவங்க முஸ்லிமே இல்லைடா, வேற டாபிக் எடு" என்பதுதான். அவன் நம்பிக்கையில அவன் சொல்றதுக்கு அவனுக்கு உரிமை இருக்கு. அந்த இறையியல் சண்டைக்குள்ள போக எனக்குத் தகுதியும் இல்லை, ஆசையும் இல்லை.

ஆனா ஒரு மதத்துக்குள்ள நடக்கிற வாதம் சட்டப் புத்தகத்துக்குள்ள ஏறும்போது என்ன ஆகும்னு பாக்கணும். பாகிஸ்தான் 1974-ல் அரசியல் சட்டத்தையே திருத்தி, இவங்க முஸ்லிம் இல்லைன்னு அறிவிச்சது. 1984 ஏப்ரல் 26 அன்று ஜியா உல் ஹக் ஒரு அவசரச் சட்டம் போட்டார். இவங்க தங்களை முஸ்லிம்னு சொல்லிக்கிட்டா, தொழுகை இடத்தை மஸ்ஜித்னு கூப்பிட்டா, பாங்கு சொன்னா மூணு வருஷம் வரை ஜெயில். நம்ம இன்ஜினியரிங் பசங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, 1979-ல் இயற்பியல் நோபல் வாங்கின அப்துஸ் சலாம் ஒரு அஹ்மதி. நோபல் வாங்கின முதல் முஸ்லிம் என்று அவர் கல்லறையில் பொறிச்சிருந்தாங்க. "முஸ்லிம்" என்கிற சொல்லை மட்டும் பிறகு அழிச்சிட்டாங்க. மிச்ச எழுத்தெல்லாம் அப்படியே நிக்குது.

இந்தியாவில் நிலைமை வேற. இதுல நம்ம பக்கத்துக்கு ஒரு நல்ல பங்கு இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாது. 1922-லேயே சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மலபார்ல இருந்து ஒரு வழக்கு வந்தது. கணவன் அஹ்மதி ஆனதால் மதம் மாறிவிட்டான், எனவே கல்யாணம் முறிஞ்சுபோச்சு என்பது ஒரு தரப்பு வாதம். அஹ்மதி ஆவது இஸ்லாத்தை விட்டுப் போவது ஆகாதுன்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு. 1970-ல் கேரள உயர் நீதிமன்றத்தில் வி.ஆர். கிருஷ்ணய்யரும் இதே பக்கம்தான் தீர்ப்பெழுதினார். 2011 சென்சஸில் இவங்களை இஸ்லாத்தின் ஒரு பிரிவாத்தான் கணக்கெடுத்தாங்க. சட்டத்துல இப்படி. தரையில? 2009-ல் சென்னையில, அடக்கம் பண்ணின ஒரு அஹ்மதியப் பெண்ணோட உடலை மறுபடி தோண்டி எடுத்தாங்க. தீர்ப்பு எத்தனை நல்லா இருந்தாலும் கபரஸ்தான் வாசலில் வேற சட்டம் ஓடுது.

சரி, சேனலுக்கு வரேன். 1984 அவசரச் சட்டம் வந்த சில நாளிலேயே அப்போதைய தலைவர், நாலாவது கலீஃபா மிர்ஸா தாஹிர் அஹ்மத், பாகிஸ்தானை விட்டு லண்டன் போயிட்டார். இருந்திருந்தா வாயைத் திறந்தாலே கேஸ். அவரோட வெள்ளிக்கிழமை உரையைக் கேட்கிறதுதான் இவங்களுக்கு வாராந்திர வாழ்க்கையோட நடுப்புள்ளி. பேசறவர் லண்டன்ல, கேட்கிறவங்க ரப்வாவிலும் காதியானிலும் கானாவிலும் இந்தோனேசியாவிலும். என்ன பண்ணாங்க? கேசட்ல பதிஞ்சாங்க. பிரதி எடுத்தாங்க. தபாலில் அனுப்பினாங்க. போய்ச் சேர்ந்த இடத்துல இன்னும் பிரதி எடுத்து ஊர் ஊராக் கொடுத்தாங்க. 1992-ல் அந்த உரை முதன்முறையா சாட்டிலைட்ல போகும் வரைக்கும், ஒவ்வொரு வாரமும் இதான் வேலை. எட்டு வருஷம்.

எம்.டி.ஏ பத்திப் பேசறவங்க எல்லாரும் சாட்டிலைட்டைப் பாத்து வியக்கிறாங்க. எனக்கு அந்த எட்டு வருஷம்தான் பெருசாத் தெரியுது. சேனல் தொடங்கின நாள்ல அவங்ககிட்ட ஏற்கனவே இருந்தது என்னன்னு யோசிச்சுப் பாருங்க. வாரா வாரம் நேரம் தவறாமப் பதிவு பண்ற பழக்கம் இருந்தது. மொழிபெயர்க்கிற ஆட்கள் இருந்தாங்க. பிரதி எடுத்து ஊர் ஊராக் கொண்டுபோய்ச் சேர்க்கிற கைகள் இருந்தன. கேட்டே ஆகணும்னு காத்திருக்கிற ஜனம் இருந்தது. சாட்டிலைட் வந்து தபால்காரர் வேலையை மட்டும் வாங்கிக்கிச்சு.

அந்த வேலைக்கு சாட்டிலைட் ஏன் பொருத்தம் என்கிறதும் நம்ம சப்ஜெக்ட்தான். கேபிளும் மொபைல் டவரும் கூட்டம் இருக்கிற இடத்துக்குத்தான் வரும். ஒரு தெருவில நூறு வீடு இருந்தா கேபிள் இழுப்பான். ஒரு மலை முகட்டுல நாலு வீடு இருந்தா இழுக்க மாட்டான், அவனைக் குத்தம் சொல்லவும் முடியாது. சாட்டிலைட்டுக்கு இந்தக் கணக்கு கிடையாது. 35,786 கிலோமீட்டர் மேல நின்னு, அதோட காலடி நிழலுக்குள்ள இருக்கிற எல்லாருக்கும் ஒரே சிக்னலை ஊத்துது. கீழே ஒரு டிஷ் இருந்தாலும் பத்து லட்சம் டிஷ் இருந்தாலும் அனுப்புறவனுக்கு அதே செலவு. ஒரு நாட்டுல ஆயிரம் பேர், இன்னொரு நாட்டுல ஐம்பது பேர்னு சிதறிக் கிடக்கிற சமூகத்துக்கு இதை விட மலிவான வழி அந்தக் காலத்துல வேற இல்லை.

நம்ம மலைக்கும் இது பொருந்தும். போடி கிட்டத்தட்ட 10 டிகிரி அட்சரேகையில இருக்கு. நம்ம தீர்க்கரேகைக்கு நேரா நிக்கிற சாட்டிலைட்டைப் பாக்க டிஷ்ஷை 78 டிகிரி தூக்கணும், ஏறக்குறைய உச்சி. கிழக்கே 30 டிகிரி தள்ளி நிக்கிற சாட்டிலைட்டுக்கும் 50 டிகிரிக்கு மேல வரும். அதனால ரெண்டு பக்கமும் மலை மறைச்ச பள்ளத்துல இருக்கிற தோட்டத்து லயன் வீட்டுக்கும் சிக்னல் இறங்கிடும். போடிமெட்டு ரோட்டுல நாலாவது கொண்டை ஊசி வளைவுல போன் டவர் கட்டாகும், ஆனா தகரக் கூரை மேல இருக்கிற டிஷ்ல படம் ஓடும். எங்க ஊர்ப் பக்கம் மலைக்குப் போனவங்க எல்லாரும் பாத்த காட்சிதான் இது. சி-பேண்ட் டிஷ்ஷா இருந்தா தென்மேற்குப் பருவமழை கொட்டும்போதும் படம் நிக்கும். 4 கிகாஹெர்ட்ஸ் அலையை மழை அவ்வளவா தின்னாது. சின்ன டிடிஎச் டிஷ்ஷோட கே.யு-பேண்ட் அந்த மழையில செத்துப் போகும்.

இன்னொரு நுட்பம். எம்.டி.ஏவில் கலீஃபா உர்தூவில் பேசிட்டிருப்பார். ரிசீவர் ரிமோட்ல ஆடியோ பட்டனை அமுக்கினா அதே படம், அதே நேரம், ஆங்கிலத்துலயோ அரபியிலயோ பிரெஞ்சிலயோ கேட்கும். ஒரே வீடியோவோட பல ஆடியோவைச் சேர்த்து ஒரே ஸ்ட்ரீமா அனுப்பறாங்க. நம்ம டிஜிட்டல் கம்யூனிகேஷன் பேப்பர்ல மல்டிபிளெக்சிங்னு படம் வரைஞ்சு மார்க் வாங்கின அதே விஷயம். அந்த ஒவ்வொரு ஆடியோவுக்கும் பின்னாடி ஹெட்போன் மாட்டிக்கிட்டு, பேச்சு முடியறதுக்குள்ள மொழிபெயர்த்துக்கிட்டு ஒரு ஆள் உக்காந்திருக்கார். அவங்கள்ல நிறைய பேர் தொண்டர்கள். வெள்ளிக்கிழமை உரை தமிழிலும் மொழிபெயர்க்கப்படுது. தமிழ் பேசற அஹ்மதிகள் எத்தனை பேர் இருந்துடப் போறாங்க? நம்ம ஆளுங்க இருந்தா "ரீச் இல்ல ப்ரோ, விட்டுரு" என்றிருப்போம்.

இவ்வளவு பேர் எப்படிச் சம்பளம் இல்லாம வர்றாங்க? பக்தி என்று ஒரே வார்த்தையில முடிச்சிடலாம். பக்தி உள்ளவங்க உலகம் பூரா இருக்காங்க, அவங்க எல்லாரும் ஞாயித்துக்கிழமை ராத்திரி ஷிஃப்டுக்குச் சரியா வந்து உக்காருறதில்லை. இவங்க சமூகத்துல அதுக்கு ஒரு அமைப்பு இருக்கு. சம்பாதிக்கிறவங்க வருமானத்துல பதினாறில் ஒரு பங்கைச் சந்தாவாக் கொடுக்கணும், அதாவது 6.25 சதவீதம். சிலர் பத்துல ஒண்ணும் அதுக்கு மேலயும் கொடுக்கிறாங்க. பணத்துக்குக் கணக்கு இருக்கிற மாதிரி நேரத்துக்கும் கணக்கு இருக்கு. இளைஞர்களுக்குத் தனி அமைப்பு, பெண்களுக்குத் தனி அமைப்பு. பெண்கள் நிகழ்ச்சிகளைப் பெண்களே படம் பிடிச்சு, அவங்களே எடிட் பண்றாங்க. வேலைக்கு ஆள் தேடும்போது யாரும் போஸ்டர் ஒட்டறதில்லை. ஏற்கனவே இருக்கிற அமைப்பிலிருந்து ஆள் வருது.

நம்ம பக்கம் பாப்போம். என்.எஸ்.எஸ்ல வருஷத்துக்கு 120 மணி நேரம்னு இருக்கு. அந்த 120 எப்படி நிரம்புதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சிம்போசியத்துக்கு வாலண்டியர் கேட்டா முதல் கேள்வி ஓ.டி உண்டா, ரெண்டாவது கேள்வி சர்டிஃபிகேட் உண்டா. நான் இதைக் குத்தமா சொல்லலை. பிளேஸ்மென்ட்ல ரெஸ்யூமே கேட்கிறான், நாம கொடுக்கிறோம். ஆனா சர்டிஃபிகேட்டுக்காக வர்ற ஆள் சர்டிஃபிகேட் கிடைச்ச மறுநாள் வர மாட்டான். அதனாலதான் நம்ம கிளப் எல்லாம் இனாகுரேஷன் அன்னைக்கு மட்டும் ஃபுல் ஸ்ட்ரென்த்ல இருக்கு. இந்த இதழே செமஸ்டர் எக்ஸாம் வந்தா எத்தனை வாரம் தள்ளிப் போகுதுன்னு ஆசிரியர் குழுவைக் கேளுங்க (கோவிச்சுக்காதீங்க மக்கா, நானும் அதே குழுவுக்கு மேட்டர் லேட்டா கொடுக்கிற ஆள்தான்).

இதுக்காக எம்.டி.ஏவை அப்படியே தூக்கி வச்சுக் கொண்டாடணும்னு நான் சொல்லலை. எனக்கு உறுத்தற விஷயங்கள் இருக்கு. 1987-ல் இவங்க ஒரு திட்டம் கொண்டுவந்தாங்க, வக்ஃபே நவ்னு பேரு. குழந்தை பிறக்கிறதுக்கு முன்னாடியே பெத்தவங்க அதைச் சமூகப் பணிக்குன்னு நேர்ந்து விடலாம். 15 வயசுல அந்தப் பிள்ளையே மறுபடி உறுதி சொல்லணும்னு விதி வச்சிருக்காங்க. இருந்தாலும் 15 வயசுல, அப்பா அம்மா, சொந்தபந்தம் எல்லாரும் பாத்துக்கிட்டிருக்கும்போது எத்தனை பேர் "எனக்கு வேண்டாம்" என்பாங்க? எனக்கு 21 ஆகுது. என்ன வேலைக்குப் போறதுன்னு வீட்டுல சொல்ல எனக்கே இன்னும் தைரியம் வரலை.

அடுத்தது, அது ஒரே குரல் பேசற சேனல். கேள்வி பதில் நிகழ்ச்சிகள் நிறைய உண்டு, மிர்ஸா தாஹிர் அஹ்மத் மணிக்கணக்கா உக்காந்து யார் கேட்டாலும் பதில் சொல்லியிருக்கார். ஆனா கேள்வி ஒரு பக்கம்தான் போகும், பதில் ஒரு இடத்துலருந்துதான் வரும். அமைப்புக்குள்ளயே இருந்துகிட்டு அமைப்பை விமர்சிக்கிற நிகழ்ச்சியை அங்க எதிர்பாக்க முடியாது. அதே மனுஷர் அந்தச் சேனல்ல ஹோமியோபதி வகுப்பே தொடர்ச்சியா எடுத்தார். அதை ரசாயனம் படிச்ச யாரும் நெளியாமப் பாக்க முடியாது. தட்டிக் கேட்க ஆள் இல்லாத மைக் இப்படித்தான் எங்க வேணாலும் போகும். நம்ம கட்சிச் சேனல்கள்லயும் வேற மாதிரி இதேதான் நடக்குது.

ஆனாலும் ஒரு விஷயத்துல எனக்குச் சந்தேகம் இல்லை. சொந்த நாட்டுல தன் பேரைச் சொல்லிக்கவே தடை இருக்கிற ஒருத்தன், ராத்திரி டிஷ்ஷைத் திருப்பி தன்னை "நம்ம ஆளு"ன்னு கூப்பிடற குரலைக் கேட்கிறதுக்கு ஒரு மதிப்பு இருக்கு. 2010 மே 28 அன்று லாகூரில் ரெண்டு அஹ்மதி மசூதிகளில் வெள்ளிக்கிழமைத் தொழுகையில் புகுந்து எண்பதுக்கும் மேற்பட்டவங்களைக் கொன்னாங்க. அதுக்கு அடுத்த வாரங்கள்ல, இறந்த ஒவ்வொருத்தரும் யாரு, என்ன வேலை பாத்தார், எப்படிப்பட்டவர்னு கலீஃபா மிர்ஸா மஸ்ரூர் அஹ்மத் தன் உரையில ஒவ்வொரு பேரா எடுத்துச் சொன்னார். உலகச் செய்திச் சேனல்களுக்கு அது ஒரு நாள் எண்ணிக்கை. அவங்க சேனலுக்கு அத்தனையும் பேரு.

இதைப் படிச்சப்போ எனக்கு நம்ம மலைதான் ஞாபகம் வந்தது.

2011 டிசம்பர் உங்கள்ல உள்ளூர் ஆட்களுக்கு மறந்திருக்காது. முல்லைப் பெரியாறு பிரச்சினை. அப்ப நான் சின்னப் பையன். குமுளி ரோடு அடைச்சாச்சு, கம்பத்துலருந்து ஜனம் ஆயிரக்கணக்குல எல்லைக்கு நடந்தது. மேல ஏலத்தோட்டத்துல வேலை பாத்த நம்ம தமிழாட்கள் பயந்து, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு காட்டுப்பாதையில இறங்கி வந்தாங்க. அந்த நாள்கள்ல எங்க வீட்டு டிவியில தமிழ்ச் சேனல் ஒரு கதை சொல்லுச்சு. மலையாளச் சேனலைத் திருப்பினா அதே சம்பவம் வேற கதையா ஓடுச்சு. ரெண்டு சேனலும் அணையைப் பத்திப் பேசுச்சு, அரசியலைப் பத்திப் பேசுச்சு. சாந்தம்பாறையில இருக்கிற ஒரு அம்மாவுக்கு அன்னைக்குத் தேவையா இருந்தது ஒரே தகவல்: இன்னைக்கு ராத்திரி இங்கயே இருக்கலாமா, இறங்கணுமா? அதைச் சொல்ல ரெண்டு மாநிலத்துலயும் ஒரு சேனல் இல்லை. வதந்திதான் அந்த இடத்தை நிரப்புச்சு.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில நிலச்சரிவு. லயன் வீடுகளோட புதைஞ்சு, காணாமப் போனவங்களையும் சேர்த்து 70 பேர். கிட்டத்தட்ட எல்லாரும் தமிழ்நாட்டுலருந்து போன தேயிலைத் தோட்டக் குடும்பங்கள். போன் தொடர்பு அத்துப் போயிருந்ததால வெளியுலகத்துக்கு விஷயம் தெரிஞ்சது மறுநாள் காலையிலதான்.

தினமும் விடியறதுக்கு முன்னாடி போடி, தேவாரம், கம்பத்துலருந்து ஜீப்புகள் பெண்களை ஏத்திக்கிட்டு மெட்டு ஏறுது. காய் எடுக்கிற சீசன்ல கூட்டம் இன்னும் அதிகம். ஜீப் கவுந்தா மட்டும் அவங்க நியூஸ்ல வருவாங்க. வேலை கேரளாவில, ஓட்டு தமிழ்நாட்டுல, ரேஷன் இங்க, சம்பளச் சட்டம் அங்க. ரெண்டு மாநிலமும் இவங்களை அடுத்த மாநிலத்தோட பொறுப்புன்னு நினைக்குது. அஹ்மதிகளோட நிலைமையும் இதுவும் ஒண்ணுன்னு சொல்ல மாட்டேன், அது வேற அளவு துயரம். ஆனா ரெண்டு வீட்டுக்கும் நடுவுல, ரெண்டு வீட்டு டிவியிலயும் இடமில்லாம இருக்கிறது பொது.

இங்கதான் "நம்ம காலேஜ் ஒரு கம்யூனிட்டி ரேடியோ தொடங்கலாமே"ன்னு யாராவது சொல்வாங்க. நல்ல யோசனைதான், முன்னுதாரணமும் இருக்கு. 2004-ல் அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கின அண்ணா எஃப்.எம்தான் இந்தியாவின் முதல் கேம்பஸ் கம்யூனிட்டி ரேடியோ. பாம்பன்ல மீனவர்களுக்குன்னு கடல் ஓசை 90.4 இருக்கு. ஆனா நம்ம இடத்துல கணக்கு போட்டுப் பாத்தேன், இடிக்குது. விதிப்படி கம்யூனிட்டி ரேடியோவுக்கு 100 வாட்தான். கொடைக்கானல் எஃப்.எம் 100.5 நம்ம வீட்ல கணீர்னு கேட்குதேன்னு பாக்காதீங்க, அது மலை உச்சியில நிக்கிற 10 கிலோவாட், அதாவது நூறு மடங்கு. நாம அடிவாரத்துல 100 வாட் வச்சா போடி டவுன் கேட்கும், நமக்கு முகம் காட்டிக்கிட்டு நிக்கிற சரிவு கேட்கும். முகடு தாண்டி பூப்பாறை, சாந்தம்பாறை, ராஜகுமாரி எல்லாம் மலை நிழல்ல விழுந்துடும். ஆட்கள் வேலை பாக்கிறது அங்கதான். அதுபோக செய்தி சொல்ல அனுமதி இல்லை, அகில இந்திய வானொலிச் செய்தியை மறு ஒலிபரப்பு பண்ணலாம், அவ்வளவுதான். லைசென்ஸ் பேப்பர் டெல்லி போய்த் திரும்பறதுக்குள்ள நம்ம பேட்ச் கான்வொகேஷன் முடிஞ்சிடும்.

அதனால நான் கேசட்டுக்குத் திரும்பறேன். போடிமெட்டு ஏறற ஜீப்ல உக்காந்து பாத்திருக்கீங்களா? 17 கொண்டை ஊசி வளைவு. டேஷ்போர்டுல ஒரு பிளேயர், அதுல ஒரு பென்டிரைவ், இளையராஜா ஓடிக்கிட்டிருக்கும். போக ஒரு மணி நேரத்துக்கு மேல, வர அதே அளவு. பத்துப் பன்னெண்டு பேர் நகர முடியாம உக்காந்து கேட்கிறாங்க. இதை விட உறுதியான ஆடியன்ஸ் எந்தச் சேனலுக்கும் கிடையாது. டவர் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், நெட் பேக் வேண்டாம்.

வாரத்துக்கு ஒரு அரைமணி நேர ஆடியோ போதும். இந்த வாரம் மலையில மழை எப்படி, எந்த ரோடு அடைச்சிருக்கு. ஸ்பைசஸ் போர்டு ஏலத்துல காய் என்ன விலைக்குப் போச்சு (எடுக்கிறவங்களுக்கு இது தெரியக்கூடாதா என்ன?). கேரளாவில தோட்டத்து வேலைக்கு அரசு நிர்ணயிச்ச கூலி என்ன, கம்மியா கொடுத்தா எந்த ஆபீஸ்ல கேட்கணும். மருந்து அடிக்கிறப்போ மூஞ்சில துணி கட்டினா போதுமா. பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷன் எப்ப கடைசி. நடுவுல ரெண்டு பாட்டு, ஒரு ஜோக். ஒரு வாரம் ஜீப்ல வர்ற ஒரு அக்காவே பேசட்டும். அங்க எம்.டி.ஏவில் இல்லாதது இங்க இருக்கணும்: கேட்கிறவங்க திருப்பித் திட்டறதுக்கும் ரெக்கார்டர்ல இடம். இப்ப தோட்டங்கள்ல அசாம், ஜார்க்கண்ட் ஆட்களும் வந்துட்டாங்க, அதையே இந்தியில ஒரு ஃபைல் போட நம்ம ஹாஸ்டல்ல ஆள் கிடைக்கும். ஒரே நிகழ்ச்சி, ரெண்டு ஆடியோ.

கஷ்டம் எங்கன்னு எனக்குத் தெரியும். முதல் நாலு வாரம் எல்லாரும் வருவாங்க. அஞ்சாவது வாரம் இன்டர்னல்ஸ். ஒன்பதாவது வாரம் யாராவது "வியூஸ் எவ்வளவு"ன்னு கேட்பாங்க, பென்டிரைவுக்கு வியூஸ் கிடையாது. சர்டிஃபிகேட் கிடையாது, ஓ.டி கிடையாது, இன்ஸ்டால ஸ்டோரி போடக்கூட அதுல ஒண்ணும் இருக்காது. அதைத் தாண்டி ஒரு வருஷம் ஓடினா, அப்புறம் ரேடியோ லைசென்ஸுக்கு அப்ளை பண்ணலாமா வேண்டாமான்னு அடுத்த பேட்ச் முடிவு பண்ணட்டும். அப்ப அவங்க கையில ஐம்பது எபிசோடும், கேட்டுப் பழகின ஜனமும் இருக்கும்.

எங்கிட்ட ஒரு மைக்கும் எடிட்டிங் போட்ட லேப்டாப்பும் இருக்கு. எங்க தெருவுல ரெண்டு ஜீப் டிரைவர் அண்ணன்கள்கிட்ட பேசிட்டேன், போடறேன்னு சொல்லியிருக்காங்க, "பாட்டும் இருக்கணும் தம்பி" என்கிற ஒரே கண்டிஷனோட. ரெக்கார்டிங் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கிளாஸ் முடிஞ்சு அஞ்சு மணிக்கு, லைப்ரரி பின்னாடி இருக்கிற படிக்கட்டுல. இப்போதைக்கு அங்கதான் எக்கோ கம்மியா இருக்கு. பேச ரெண்டு பேர் வேணும். ஜீப்ல போறவங்க பெரும்பாலும் பெண்கள், அதனால அதுல ஒண்ணாவது பெண் குரலா இருந்தா நல்லது, தேனிப் பக்கத்துப் பேச்சு பேசறவங்களா இருந்தா இன்னும் நல்லது. ஜூனியர்ஸ் வந்தா சந்தோஷம், ஏன்னா எனக்கு இன்னும் ஏழு மாசம்தான் இருக்கு.